பாய்லரைக் கழற்றிவிட்டு அகச்சிவப்புப் பேனல் மாட்டலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கிழக்கு லண்டனில், 1900ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பட்ட செங்கல் வரிசை வீட்டில் இருக்கிறீர்கள். காஸ் பாய்லருக்குப் பதினைந்து வயதாகிவிட்டது. முன்னறையின் வெளிச்சுவரில் ஒவ்வொரு குளிர்காலமும் கரும்பூஞ்சை படர்கிறது. உடனிருக்கும் அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, மூட்டுவலியும் சர்க்கரை நோயும் உண்டு. வீட்டுக்கு வந்த விற்பனையாளர் ஒருவர், பாய்லரையும் ரேடியேட்டர்களையும் எடுத்துவிட்டு அறைக்கொரு அகச்சிவப்புப் பேனல் (மின்சாரத்தால் சூடாகிக் கதிராக வெப்பம் தரும் தட்டையான பலகை) மாட்டினால் செலவு பாதியாகும், பூஞ்சை ஒழியும், மூட்டுவலிக்கும் நல்லது என்று சொல்லியிருக்கிறார். இதில் எவ்வளவு உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள். அகச்சிவப்பு வெப்பத்தின் நன்மைகள் என்ன என்பது கேள்வியின் மேல்தோற்றம்; உங்கள் வீட்டில், உங்கள் அம்மாவின் உடல்நிலையில், இருக்கும் ஏற்பாட்டை அழித்துவிட்டு அதற்கு மாறலாமா என்பதே நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது. இரண்டுக்கும் விடை ஒன்றல்ல என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. நான் கட்டட வெப்பமூட்டல் பொறியியல் படித்து, இங்கிலாந்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வீடுகளின் வெப்ப இழப்பைக் கணக்கிட்டு வருபவன். எந்தக் கருவியையும் விற்பவன் அல்லன். மருத்துவனும் அல்லன், ஆகவே அம்மாவின் உடல்நிலை பற்றிய பகுதியில் எனக்குரிய எல்லைக்குள் மட்டும் பேசுகிறேன்.

குளிர்காய்தல் என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறது. நெருப்பின் முன் உட்காருவோம், முகமும் உள்ளங்கையும் சுடும், முதுகு மட்டும் குளிர்ந்தே இருக்கும். எழுந்து திரும்பி முதுகைக் காட்டினால்தான் அதற்குச் சூடு கிடைக்கும். இடையிலுள்ள காற்று அப்போதும் குளிர்ந்துதான் இருக்கிறது. நெருப்பிலிருந்து நேர்கோட்டில் வரும் கதிர் தோலில் பட்டு வெப்பமாகிறது. அகச்சிவப்பு வெப்பமூட்டல் என்பது இதற்குமேல் ஒன்றுமில்லை, இதற்குக் குறைவும் இல்லை. இந்தக் கதிரைக் கண்டுபிடித்தவர் வில்லியம் ஹெர்ஷல். 1800ஆம் ஆண்டில், உங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஸ்லௌ நகரில், சூரிய ஒளியை முப்பட்டகத்தால் நிறங்களாகப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் வெறுமையாகத் தெரிந்த இடத்தில் வெப்பமானியை வைத்தபோது பாதரசம் ஏறுவதைக் கண்டார். நம் உடலும் இதே வகைக் கதிரை ஓயாமல் வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. காற்றோட்டமில்லாத அறையில் அமர்ந்திருக்கும் ஒருவர் இழக்கும் வெப்பத்தில் ஏறத்தாழப் பாதி, சுற்றியுள்ள சுவர், சன்னல், தரை ஆகியவற்றை நோக்கிக் கதிராகவே போகிறது. ஆகவே அறையில் நமக்குக் குளிர்கிறதா இல்லையா என்பதைக் காற்றின் வெப்பநிலை மட்டும் தீர்மானிப்பதில்லை. சுற்றியுள்ள பரப்புகளின் வெப்பநிலையும் ஏறத்தாழச் சரிபாதி பங்கு வகிக்கிறது. காற்று 20 டிகிரி, சுவர்களின் சராசரி 16 டிகிரி என்றால் உடல் உணர்வது 18 டிகிரிதான்.

இந்த இடத்தில் உங்கள் வீட்டுச் சுவரைப் பற்றி ஒரு கணக்கு சொல்ல வேண்டும், ஏனெனில் பின்னால் வரும் பலவற்றுக்கும் இதுவே அடிப்படை. அந்தக் காலத்து ஒன்பது அங்குலத் திடச்செங்கல் சுவரில் இடைவெளியும் இல்லை, வெப்பக்காப்பும் இல்லை. வெளியே 0 டிகிரியும் உள்ளே 20 டிகிரியும் இருக்கும் இரவில், அந்தச் சுவரின் உட்பரப்பு ஏறத்தாழ 15 டிகிரிக்கு இறங்கிவிடும். அதே சுவருக்கு நல்ல காப்புப் போட்டுவிட்டால் உட்பரப்பு 19 டிகிரிக்கு மேல் நிற்கும். தெர்மோஸ்டாட் 20 காட்டும்போதே உங்கள் அம்மா குளிர்கிறது என்று சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வது வயதின் மயக்கம் அல்ல, சரியான அளவீடு. அவர் உட்காரும் நாற்காலி அந்த வெளிச்சுவரை ஒட்டித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இனி பேனலுக்கு வருவோம். வீட்டுக்கென விற்கப்படும் பேனல்களின் முகம் பொதுவாக 80 முதல் 110 டிகிரி வரை சூடாகிறது. 90 டிகிரியில் உள்ள ஒரு சதுரமீட்டர் பரப்பு, 18 டிகிரி அறைக்குள் ஏறத்தாழ 520 வாட் கதிரை அனுப்புகிறது; கதிர்வீச்சு விதிப்படி எவரும் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆனால் அதே பரப்பு, தன்னை உரசிச் செல்லும் காற்றையும் சூடாக்கி மேலே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. சுவரில் செங்குத்தாக மாட்டிய பேனலில் இப்படிக் காற்றுக்குப் போகும் பங்கு சிறிதன்று. ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையாது. உட்கூரையில் கீழ்நோக்கி மாட்டினால் சூடான காற்று அங்கேயே தேங்கி நிற்பதால் கதிரின் பங்கு கூடும். எனவே பேனல் காற்றைச் சூடாக்குவதே இல்லை, ஆளை மட்டுமே சூடாக்கும் என்று விற்பனையாளர் சொன்னது பாதி உண்மை. அதுபோலவே, இவை வெளியிடுவது உடலுக்கென்றே அமைந்த தனிச்சிறப்பான அலைநீளம் என்ற பேச்சிலும் பொருளில்லை. 90 டிகிரியில் உள்ள எந்தப் பொருளும், அது கண்ணாடியாக இருந்தாலும் இரும்பாக இருந்தாலும், 8 மைக்ரோமீட்டரை உச்சமாகக் கொண்ட கதிரைத்தான் வெளியிடும். உங்கள் பழைய ரேடியேட்டரும் அதே குடும்பத்துக் கதிரைத்தான், வெப்பநிலை குறைவாக இருப்பதால் சற்றுக் குறைவாக, வெளிவிட்டுக்கொண்டிருக்கிறது.

செலவைப் பற்றி நான் மிக உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாட்-மணி, மின்சாரத்தை, கம்பியைச் சூடாக்கி வெப்பம் தரும் எந்த மின் ஹீட்டரில் செலுத்தினாலும் கிடைப்பது ஒரு யூனிட் வெப்பம்தான். அகச்சிவப்புப் பேனல், மின்விசிறி ஹீட்டர், எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் மூன்றும் இதில் சமம். நூற்றுக்கு நூறு திறன் என்று விளம்பரத்தில் எழுதுவது பொய்யல்ல, ஆனால் கடையில் கிடைக்கும் மிக மலிவான ஹீட்டருக்கும் அது பொருந்தும். 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரை, எரிசக்தி விலையைக் கட்டுப்படுத்தும் ஆஃப்ஜெம் அமைப்பு வைத்திருந்த விலை உச்சவரம்பு மின்சாரத்துக்கு யூனிட் 25.73 பென்ஸ், காஸுக்கு 6.33 பென்ஸ்; இங்கு வரும் கணக்கெல்லாம் அந்த விலையில்தான். உங்கள் பாய்லர் நூற்றுக்கு 88 பங்கு திறனில் ஓடுகிறது என்று கொண்டால், காஸ் வழியாக அறைக்குள் வந்து சேரும் ஒரு யூனிட் வெப்பத்தின் விலை 7 பென்ஸுக்குச் சற்று மேல். பேனல் வழியாக அது ஏறத்தாழ 26 பென்ஸ், அதாவது மூன்றரை மடங்கு. இந்த இரண்டும் சமமாக வேண்டுமென்றால், காஸில் நூறு பங்கு வெப்பம் செலவான வீட்டில் பேனல்கள் இருபத்தெட்டுப் பங்கிலேயே அதே இதத்தைத் தர வேண்டும். விற்பனையாளர் சொன்னபடி செலவு பாதியாக வேண்டுமென்றால் பதினான்கு பங்கு போதுமானதாக இருக்க வேண்டும்.

அது நடக்குமா என்று பார்ப்போம். கதிர் நேரடியாக உடலில் படுவதால் காற்றின் வெப்பநிலையை இரண்டு மூன்று டிகிரி குறைத்துக்கொள்ளலாம் என்பது உண்மையான நன்மை. நானே பல இடங்களில் அளந்து பார்த்திருக்கிறேன். லண்டனில் குளிர்காலச் சராசரி வெளி வெப்பநிலையை 7 டிகிரி என்று வைத்துக்கொண்டால், உள்ளே 20 டிகிரிக்குப் பதில் 17 டிகிரி போதுமென்றாகும்போது வெளியோடுள்ள வேறுபாடு 13இலிருந்து 10ஆகக் குறைகிறது. வெப்பத் தேவை நூற்றுக்கு 23 பங்கு குறையும். எல்லாம் கூடிவந்தால் கிடைக்கும் மிச்சம் இவ்வளவுதான். தேவைப்படுவதோ 72 பங்கு மிச்சம். நாள் முழுவதும் ஆள் நடமாடும் ஒரு வீட்டை முழுமையாகச் சூடாக்குவதில் இந்த இடைவெளியைப் பேனலின் தரமோ விலையோ தாண்டிவிட முடியாது. நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்று: காஸ் இணைப்பை முற்றிலும் துண்டித்துவிட்டால் அதன் நிலைக்கட்டணம், அதாவது அதே காலாண்டின் கணக்கில் நாளொன்றுக்கு 30 பென்ஸ் அளவில் ஆண்டுக்கு 110 பவுண்டு வரை, மிச்சமாகும், பாய்லரின் ஆண்டுப் பராமரிப்புச் செலவும் போகும். அது மெய்யான மிச்சம். ஆனால் குளியலுக்கு வெந்நீரும் மின்சாரத்திலேயே காய்ச்ச வேண்டிவரும் என்பதை அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் செலவு பாதியானது என்று சொல்லும் வாடிக்கையாளர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. அவர்களில் பலர் உண்மையைத்தான் சொல்கிறார்கள், ஆனால் ஒப்பிடும் இரண்டும் ஒரே பொருளல்ல. உங்கள் முன்னறையையே எடுத்துக்கொள்வோம். நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர், உயரம் 2.7 மீட்டர், ஒரு வெளிச்சுவர், இரட்டைக் கண்ணாடிச் சன்னல், அடியில் காற்று புகும் பலகைத் தரை. வெளியே 0 டிகிரி இருக்கும் நாளில் இந்த அறையை 20 டிகிரியில் வைத்திருக்கத் தொடர்ந்து ஏறத்தாழ 1,100 வாட் வேண்டும். விற்பனையாளர் அந்த அறைக்குப் பரிந்துரைத்திருப்பதோ 600 வாட் பேனல் ஒன்று. எட்டு மணி நேரம் ஓடினால் அது 4.8 யூனிட், 1 பவுண்டு 24 பென்ஸ். முன்பு ஒன்றரைக் கிலோவாட் மின் ஹீட்டர் வைத்திருந்தவருக்கு இது பாதிக்கும் குறைவாகத் தெரியும், ஏனெனில் வாங்கும் வெப்பமே பாதிக்கும் குறைவு. உங்களிடம் இருப்பது காஸ். அதே எட்டு மணி நேரம் அறை முழுவதையும் 20 டிகிரியில் வைத்திருக்க உங்களுக்குத் தேவைப்படும் காஸ் 10 யூனிட், 63 பென்ஸ். பாதி வெப்பத்துக்கு இரு மடங்கு பணம் கொடுப்பதைச் சிக்கனம் என்று என்னால் சொல்ல முடியாது. அறை அளவை மட்டும் கேட்டு, சுவரையும் சன்னலையும் பார்க்காமல் வாட் கணக்கு சொல்லும் எவரையும் நான் நம்புவதில்லை. இந்தக் கணக்கை எழுதித் தரும்படி அவரிடம் கேளுங்கள். வெப்ப இழப்புக் கணக்கு இல்லாத விலைப்பட்டியல், நாடி பார்க்காமல் எழுதிய மருந்துச் சீட்டுக்குச் சமம்.

இவ்வளவும் சொன்னபின், இந்தக் கருவியை நான் வெறுப்பவன் என்று எண்ணிவிட வேண்டாம். அதற்குரிய இடத்தில் அதைவிடச் சிறந்தது கிடையாது, என் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. குளியலறையில், உட்கூரையில். காலையில் அரைமணி நேரம் 600 வாட் என்பது 0.3 யூனிட், 8 பென்ஸுக்கும் குறைவு; ஈர உடலோடு வெளியே வரும்போது தோளில் வெயில் படுவதுபோல் இருக்கும். காற்று சூடாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதே இங்கு கிடைக்கும் முழு ஆதாயம். குறைந்த நேரம், ஓரிடத்தில் நிலையாக இருக்கும் ஆள், பேனலுக்கும் ஆளுக்கும் இடையே தடையில்லாத நேர்கோடு, இந்த மூன்றும் சேரும் இடமே அதற்குரிய இடம். வீட்டிலிருந்து வேலை செய்பவர் மேசைக்கடியில் 150 வாட் சிறு பேனலை வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் அமர்ந்தால் 1.2 யூனிட், 31 பென்ஸ். அந்த ஒருவருக்காக வீடு முழுவதற்கும் பாய்லரை ஓட்டினால் ஆகும் செலவு அதைப்போல் பல மடங்கு. காரணம், பேனலின் வெப்பம் மலிவானது என்பதன்று. சூடாக்காமல் விட்ட அறைகளின் கணக்கு அது.

இதைவிடப் பெரிய அளவில் நான் கண்ட நல்ல எடுத்துக்காட்டு, நம் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் தமிழ் படிக்க வாடகைக்கு எடுக்கும் பழைய தேவாலயக் கூடங்கள். உயரம் ஏழெட்டு மீட்டர், கதவு ஓயாமல் திறந்து மூடும், வாரத்தில் மூன்று மணி நேரம்தான் பயன்பாடு. அங்கே காற்றைச் சூடாக்கினால் அது கூரைக்குப் போய்த் தங்கிவிடும். பிள்ளைகள் கோட்டோடு உட்கார்ந்து எழுதுவார்கள். கூடம் சூடாவதற்குள் வகுப்பு முடிந்துவிடும். அப்படியொரு கூடத்தில் சுவரின் உயரத்தில் செந்நிறமாக ஒளிரும் குவார்ட்ஸ் வகைக் கதிர் ஹீட்டர்களை வைத்து, ஆள் அமரும் வரிசைகளை நோக்கிச் சாய்த்து அமைத்தோம். சுவிட்சைப் போட்ட ஒரு நிமிடத்தில் கைவிரல்கள் எழுதத் தொடங்கிவிடும். காஸ் இணைப்பே இல்லாத அடுக்குமாடி வீடுகளும் இன்னொரு வகை. ஏற்கெனவே சாதாரண மின் ஹீட்டர்களில் வாழ்பவருக்கு யூனிட் விலை மாறப்போவதில்லை. ஆகவே ஆள் இருக்கும் அறையை மட்டும், இருக்கும் நேரத்தில் மட்டும் கதிரால் சூடாக்குவது உண்மையான மிச்சம் தரும். ஆனால் இரவு நேரக் குறைந்த கட்டணத்தில் வெப்பத்தைச் சேமித்துவைக்கும் ஹீட்டர் இருக்கும் வீட்டில் அதை அவசரப்பட்டு எடுத்துவிடக் கூடாது. பேனலுக்கு வெப்பத்தைச் சேமிக்கும் திறன் கிடையாது, மாலை நேரத்து முழு விலையில்தான் அது ஓடும்.

பூஞ்சை விஷயம் சற்றுச் சிக்கலானது. கதிர் சுவரில் பட்டால் சுவரின் பரப்பு சூடாகும், பரப்பு சூடானால் அங்கே நீர் படியாது, நீர் படியாவிட்டால் பூஞ்சை வளராது என்ற வாதத்தில் தவறில்லை. கதிர் படும் இடத்துக்கு அது பொருந்தும். பூஞ்சை வளர்வதோ பெரும்பாலும் கதிர் படாத இடத்தில்: அலமாரியின் பின்புறம், கட்டிலின் தலைமாட்டு மூலை, திரைச்சீலையின் மறைவு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் ரேடியேட்டர்களை எடுத்துவிட்டுப் பேனல்கள் மாட்டியிருந்தார்கள். நடுச்சுவர் காய்ந்து வெளுத்திருந்தது. அலமாரியை நகர்த்தினோம், அதன் பின்னால் ஆளுயரத்துக்குக் கருமை. அதற்கான காரணத்தைக் கணக்காகவே காட்டலாம். 20 டிகிரியில் ஈரப்பதம் நூற்றுக்கு 50 என்றிருக்கும் காற்றை, நீராவியின் அளவு மாறாமல் 17 டிகிரிக்கு இறக்கினால் ஈரப்பதம் 60 ஆகிவிடும். காற்றைக் குளிரவிட்டு ஆளைச் சூடாக்குவதுதான் இந்த முறையின் சிறப்பு என்கிறோம். மறைவான மூலைகளுக்கு அதுவே கேடாக முடியலாம். நம் சமையலறைகளில் சோறு வடிக்கிறோம், குக்கரில் பருப்பு வேகிறது, இட்லி அவிகிறது. குளிர்காலத்தில் துணியையும் வீட்டுக்குள்ளேயே காயப்போடுகிறோம். இந்த நீராவிக்கு வெளியேற வழி வேண்டும். சமையலறையிலும் குளியலறையிலும் வெளியே தள்ளும் மின்விசிறி சரியாக ஓடுகிறதா, அதன் முகத்தில் ஒரு காகிதத்தை வைத்தால் ஒட்டிக்கொள்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள். எந்த ஹீட்டரும் அந்த வேலையைச் செய்யாது.

அம்மாவைப் பற்றி. சூடு மூட்டுவலியைத் தற்காலிகமாகத் தணிக்கிறது என்பது எல்லோரும் அறிந்த அனுபவம். வெந்நீர் ஒத்தடம் தரும் இதமே அது. அதற்குமேல் பேனலின் கதிர் ரத்த ஓட்டத்தைச் சீர்செய்யும், நச்சுகளை நீக்கும், மூட்டைக் குணப்படுத்தும் என்றெல்லாம் சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. இத்தகைய நீள அலைக் கதிர் தோலின் மிக மேலான அடுக்கிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது; மூட்டின் உள்ளே போய்ச் சேர்வதில்லை. சூடான அறையில் உட்கார்ந்து வியர்க்கும் அகச்சிவப்பு சானா பற்றி வரும் ஆய்வுகளைச் சுவரில் மாட்டும் பேனலுக்குப் பொருத்திக் காட்டுவதும் முறையன்று; வெப்பநிலையும் நேரமும் வேறு, நோக்கமே வேறு. மறுபுறம், இந்தக் கதிர் எக்ஸ் கதிர்போல் ஆபத்தானதோ என்ற அச்சமும் தேவையில்லை. உயிரணுக்களைச் சிதைக்கும் ஆற்றல் அதற்கில்லை.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகளை அழுத்திச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயால் பாதங்களில் உணர்ச்சி குறைந்திருந்தால், சூடு அளவு மீறுவது அவருக்குத் தெரியாமலே போகும். ஹீட்டருக்கு மிக நெருக்கமாக நாள்தோறும் பல மணி நேரம் உட்காருபவர்களின் கால் தோலில் வலைப்பின்னல்போல் செம்பழுப்புத் தழும்பு விழுவது மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. ஆகவே காலடியில் வைக்கும் ஹீட்டர் எதையும் அவருடைய மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். அடுத்தது, உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குளிர்ந்த பருவத்தில் வீட்டுக்குள் வெப்பநிலை 18 டிகிரிக்குக் குறையாமல் இருப்பதைப் பரிந்துரைக்கிறது. முதியோருக்கும் நாட்பட்ட நோயுள்ளோருக்கும் அதற்கு மேலும் தேவைப்படலாம் என்கிறது. தோல் இதமாக இருந்தாலும் மூச்சில் இழுப்பது அறையின் காற்றைத்தான். இரவில் எழுந்து கழிவறைக்குப் போகும்போது கடக்கும் நடையில் பேனல் கிடையாது. ஆள் இல்லாத இடங்களைக் குளிரவிட்டு மிச்சம் பிடிக்கும் இந்த முறை, வேலைக்குப் போய்வரும் இளைஞனுக்குப் பொருந்துகிற அளவுக்கு எழுபத்திரண்டு வயதுத் தாய்க்குப் பொருந்தாது. உங்கள் கேள்வியில் எனக்கு மிகுந்த கவலை தந்த பகுதி இதுதான்.

இவ்வளவுக்கும் பிறகு ஓரிரு இடங்களில் பேனல் வைக்க முடிவு செய்தால், வைக்கும் முறை பாதி பலனைத் தீர்மானிக்கும். வெளிச்சுவரைப் பார்த்தபடி மாட்டாதீர்கள். காப்பில்லாத சுவரைச் சூடாக்குவது தெருவைச் சூடாக்குவது. சன்னல் கண்ணாடி இந்தக் கதிரை அப்படியே வெளியே விட்டுவிடாது என்றாலும், உறிஞ்சித் தான் சூடாகி வெளியே இழக்கும். உட்கூரையில் மாட்டும்போது நேர் உச்சந்தலைக்கு மேல் பெரிய பேனலை வைத்தால் தலை சூடாகவும், மேசை மறைக்கும் முழங்கால் குளிராகவும் இருக்கும்; இந்த ஏற்றத்தாழ்வை மனிதர்கள் தாங்க மாட்டார்கள் என்பதால்தான் அறை இதத்துக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 7730, சூடான உட்கூரைக்கு, மேலிருந்தும் கீழிருந்தும் உணரும் கதிர் வெப்பநிலைகளுக்கிடையே 5 டிகிரி வேறுபாட்டையே வழக்கமான எல்லையாக வைத்திருக்கிறது. குளிர்ந்த சுவருக்கு அது 10 டிகிரிவரை இடம் கொடுக்கிறது. எனவே பெரிய ஒன்றைவிடச் சிறிய இரண்டு நல்லது. குளியலறையில் நீர் தெறிக்கும் எல்லைக்குள் ஐபிஎக்ஸ்4 அல்லது அதற்கு மேற்பட்ட பாதுகாப்புத் தரம் உள்ளதையே, தகுதிபெற்ற மின்பணியாளரைக் கொண்டு மாட்ட வேண்டும். பேனல் மேல் துணி உலர்த்துவது கூடவே கூடாது. செந்நிறமாக ஒளிரும் ஹாலஜன், குவார்ட்ஸ் வகைகளை வீட்டு அறைக்குள், அதிலும் சேலைத் தலைப்பும் திரைச்சீலையும் அசையும் இடத்தில், நான் அனுமதிப்பதில்லை.

உங்கள் வீட்டை நேரில் பார்க்காமல் பவுண்டுக் கணக்கில் உறுதி சொல்ல முடியாது. ஆனாலும் அது என் வீடாக இருந்தால் செய்யும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் பாய்லரைக் கழற்ற மாட்டேன். பதினைந்து வயதுப் பாய்லர் என்றால் அது பெரும்பாலும் புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து வெப்பத்தை மீட்கும் வகைதான். அந்த மீட்பு நடக்க, ரேடியேட்டர்களிலிருந்து திரும்பிவரும் நீர் 55 டிகிரிக்குக் கீழ் இருக்க வேண்டும். பலரும் ரேடியேட்டர் நீரை 75, 80 டிகிரியில் வைத்துவிட்டு அந்தப் பலனை இழக்கிறார்கள். உங்களுடையது வெந்நீர்த் தொட்டி இல்லாத காம்பி வகை என்று எழுதியிருந்தீர்கள். ஆகவே ரேடியேட்டருக்குப் போகும் நீரை 60 டிகிரிக்கு இறக்கி ஒரு வாரம் பாருங்கள், அதற்கு ஒரு பென்ஸ் செலவில்லை. பிறகு மாடிப்பரணில் காப்பு 270 மில்லிமீட்டர் தடிப்பு இருக்கிறதா என்று அளப்பேன். பலகைத் தரையின் இடுக்குகளையும் பயனற்றுக் கிடக்கும் பழைய கணப்பின் புகைபோக்கியையும், காற்று முற்றிலும் அடைபடாதபடி, அடைப்பேன். அம்மாவின் நாற்காலியை வெளிச்சுவரிலிருந்து உட்சுவருக்கு மாற்றுவேன். பாய்லர் ஒருநாள் உண்மையிலேயே நின்றுபோகும்போது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஹீட் பம்ப்புக்கு (வெளியிலுள்ள வெப்பத்தை இழுத்து வீட்டுக்குள் தரும் மின்கருவி) அரசு தரும் 7,500 பவுண்டு மானியத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு அதைப் பரிசீலிப்பேன். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அது மூன்று யூனிட் அளவுக்கு வெப்பம் தரக்கூடியது, யூனிட் வெப்பத்தின் விலை 9 பென்ஸுக்குள் வந்துவிடும். அகச்சிவப்புப் பேனலுக்கு அந்த மானியம் கிடையாது.

குளியலறைக்கு ஒரு பேனல் வாங்குங்கள், அதைத் தடுக்க மாட்டேன். அம்மா குளிக்கப் போவதற்குப் பத்து நிமிடம் முன்னால் அதைப் போட்டுவிடுங்கள். விற்பனையாளர் கையெழுத்துக் கேட்டால், முன்னறைக்கு எத்தனை வாட் இழப்பு என்ற கணக்கை எழுத்தில் வாங்கி இங்கேயே பதியுங்கள். சுவரின் தடிப்பு, சன்னலின் அகல உயரம், தரையின் வகை ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதினால் நான் சரிபார்த்துச் சொல்கிறேன்.